வேஷத்துக்குள் யாரும் இல்லை

பழைய படம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அதிலுள்ள பெண்ணைப் போலத் தானே உடுத்திக்கொள்வது, பின்னால் தீட்டிய திரையைத் தொங்கவிட்டுப் படம் பிடித்துக்கொள்வது. இன்று நம் கலைக் கண்காட்சிகளில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. இதற்குப் பாதை போட்டவர்களில் முதன்மையானவர் பெங்களூருவின் புஷ்பமாலா. பரோடாவில் சிற்பம் படித்து, எண்பதுகளில் சுடுமண் உருவங்களால் பெயர் பெற்று, தொண்ணூறுகளின் நடுவில் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றவர். 2019இல் இரண்டாவது சென்னை ஃபோட்டோ பியனாலேயை வழிநடத்தியவரும் அவர்தான். அவருக்கு இங்கே அறிமுகம் வேண்டாம். அவருக்காக ஓயாமல் சொல்லப்படும் ஒரு சமாதானத்தைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. "முகத்தில் உணர்ச்சியே இல்லையே" என்று கேட்டால், "அதுதானே நோக்கம்! அடையாளம் என்பதே வேஷம் என்று காட்டுகிறார்" என்று பதில் வருகிறது. எந்தக் குறையைச் சொன்னாலும் அதையே கொள்கையாக்கித் திருப்பிக் கொடுத்துவிடுகிற பதில் இது.

அவருடைய பலங்களை மறுக்க முடியாது. அவருக்குக் கிண்டல் கைவந்திருக்கிறது, உழைப்பில் குறுக்குவழி கிடையாது. புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'தென்னிந்தியாவின் பூர்விகப் பெண்கள்' வரிசையில் ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், வேளாங்கண்ணி மாதா, கன்னட சினிமா நாயகி என ஒவ்வொன்றுக்கும் துணி, நகை, ஒளி எல்லாம் தேடித் தேடிச் சேர்க்கப்பட்டவை. அவற்றில் மிகச் சிறந்தது எழுபதுகளின் தமிழ்ப் பட ஸ்டில் ஒன்றிலிருந்து எடுத்த, சவுக்கு ஏந்திய ஜெயலலிதா. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சவுக்கை எடுத்தால் அது நீதி. அதே சவுக்கு நடிகையின் கையில் இருந்தால் வெறும் கவர்ச்சி. அந்த நடிகை முதலமைச்சராக இருந்த காலத்தில் இந்த ஸ்டில்லை மறுபடி நடித்துக் காட்டியபோது, சிரித்தவன் யார், பிறகு கைகட்டி நின்றவன் யார் என்று படம் கேட்காமல் கேட்டது. அதிகாரம் உள்ளவரின் பிம்பத்தைக் கேலி செய்தால் கேலி வேலை செய்கிறது.

அதிகாரம் இல்லாதவரின் பிம்பத்தை அதே கையால் எடுக்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. இதே வரிசையில் நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண் வருகிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மானிடவியலாளர்கள் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் உடல்களை நிறுத்தி, தானியத்துக்கு அளவு பார்ப்பது போல அளந்தார்கள். புஷ்பமாலா அந்தக் கட்டத் திரையை மறுபடி கட்டி, அதன் முன் தானே நிற்கிறார். அளப்பவனின் மூடத்தனம் அம்பலமாகிறது, சரி. அளக்கப்பட்டவளுக்கு என்ன கிடைத்தது? மூலப்படத்தில் நின்றவள் கேட்டு நிற்கவில்லை. அந்த விறைப்பு அவளுடையது, அந்தக் கூச்சம் அவளுடையது. இந்தப் படத்தில் நிற்பவர் உடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்து நிற்கிறார். அந்தத் தெளிவு முகத்தில் எழுதியிருக்கிறது. கூச்சம் இருந்த இடத்தில் சாமர்த்தியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு படம், திருட்டு வழக்கில் பிடிபட்ட இரண்டு பெண்களைப் பற்றிய 2001ஆம் ஆண்டுச் செய்தித்தாள் புகைப்படத்தை ஒட்டியது. ஸ்டேஷனில் நிறுத்திப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பது நம் ஊரில் தீர்ப்புக்கு முன்பே வழங்கப்படும் தண்டனை. அந்தப் பெண்கள் ரவிவர்மாவின் லட்சுமிக்கும் சினிமா நட்சத்திரத்துக்கும் நடுவில் இன்னொரு 'வகை'யாக வந்து நிற்கிறார்கள். ஒரே அளவு, ஒரே கவனம், ஒரே பளபளப்பு. எல்லாப் பிம்பமும் கட்டப்பட்டதுதான் என்று சொல்லும் அவசரத்தில், யார் கட்டினார்கள், யார் கட்டுண்டார்கள் என்ற வேறுபாடு கரைந்துபோகிறது. புஷ்பமாலாவின் மேல் எனக்குப் பல காலமாக உள்ள ஆட்சேபம் இதுதான். அவர் பார்வையில் எல்லாமே மேற்கோள். மேற்கோளுக்கு வலிக்காது.

ஆதரவாளர்கள் இங்கே 'செயற்கைத்தன்மை' என்ற கேடயத்தை எடுப்பார்கள். திரை பொய், நகை பொய், ஆகவே உணர்ச்சியும் பொய்யாகத்தானே இருக்க வேண்டும் என்பார்கள். இந்த வாதத்துக்கு மறுப்பு டாலிகஞ்சில் இருக்கிறது. 1931இல் பி.என்.சர்க்கார் நியூ தியேட்டர்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து கொல்கத்தாவின் இந்தத் தென்பகுதி பொய்ச்சுவர் கட்டியே பிழைத்த பேட்டை, வங்காளிகளின் கோடம்பாக்கம். சத்யஜித் ராயின் 'நாயக்' (1966) படத்துக்காகக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா இங்கே ஒரு முழு ரயில் பெட்டியை செட்டாகப் போட்டார். ரயில் பொய், ஜன்னலுக்கு வெளியே ஓடும் நிலம் பொய். உள்ளே உட்கார்ந்திருப்பவரோ நட்சத்திரமாக நடிக்கும் நட்சத்திரம், உத்தம்குமார். அடையாளமே வேஷம் என்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்காது. ஆனால் ராய் அந்த முகத்தை மேக்கப் இல்லாமல் கேமராவுக்கு முன்னால் வைத்தார். குவிந்த ரூபாய் நோட்டுகளில் படத்தின் நாயகன் மூழ்கும் கனவில் நோட்டும் பொய்தான், பயம் பொய்யில்லை. பெயின்ட் அடித்த தட்டிக்கு முன்னாலும் உண்மையான முகம் சாத்தியம் என்று தெரிந்துகொண்டே இந்தப் பேட்டையின் தொழிலாளர்கள் இத்தனை ஆண்டுகளாக ஆணி அடித்து வந்திருக்கிறார்கள். தன்னுடைய பாரத மாதா புகைப்பட வரிசைக்காகப் பழைய கல்கத்தா அச்சுப்படங்கள்வரை தேடிப்போன புஷ்பமாலா, அதே நகரத்தின் இந்தப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

பொய்யான ஏற்பாட்டுக்குள்ளும் உண்மை சாத்தியம் என்பதற்கு அவருடைய படைப்புகளிலேயே சான்று உண்டு. 2000 முதல் 2003 வரை செய்த 'நவரச' வரிசையைப் பாருங்கள். படம் எடுத்தவர், பம்பாய் தாதரில் இந்தியா ஃபோட்டோ ஸ்டுடியோ நடத்திய ஜே.ஹெச்.தக்கர். ஐம்பதுகளின் இந்தி நட்சத்திரங்களைப் படம் பிடித்த கை. அவருக்கு ரௌத்திரம் என்றால் ரௌத்திரம்தான், கேலி கிடையாது. கன்னத்தின் கீழ் நிழல் எங்கே விழ வேண்டும், கண்ணில் ஒளிப்புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவர் ஒரு ரசத்தையும் சந்தேகிக்கவில்லை. நடிப்பவர் ஓரக்கண்ணால் சிரித்தாலும் ஒளி சிரிக்க மறுக்கிறது. இந்த ஒரு வரிசைதான் பார்ப்பவரைத் தொடுகிறது. காரணம் எளிது: அந்த அறையில் ஒருவராவது நம்பினார்.

போலியாக இருப்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் பகல்வேஷக்காரரும் வங்காளத்து பஹுரூபியும் போலிதான். வாசலில் அனுமாராகவோ காளியாகவோ வந்து நிற்பவரைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அவருக்கு அன்றைய அரிசி அந்த வேஷத்தில் இருக்கிறது, அதனால் அரைகுறையாக நம்ப அவருக்கு வசதியில்லை. நம்பாமல் இருப்பதற்கு ஒரு வசதி வேண்டும். அந்த வசதியைத்தான் புஷ்பமாலாவின் பெரும்பாலான புகைப்படங்கள் துணிச்சல் என்று காட்டிக்கொள்கின்றன. மேலும், பிம்பம் கட்டப்பட்டது என்ற செய்தியை யாருக்குச் சொல்கிறார்? அண்ணா சாலையில் எண்பதடி கட்-அவுட்டுக்குச் சவுக்குக் கட்டை கட்டுவதை நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்த தமிழருக்கா? நமக்கு அது பாலபாடம். அது தெரிந்த பிறகும் ஏன் அழுதோம், ஏன் வாக்களித்தோம் என்பதே நம்முடைய சங்கடம். அந்த இடத்துக்கு இந்தப் படங்கள் வருவதே இல்லை.

இத்தனைக்கும் அவர் சிற்பி. களிமண்ணில் மேற்கோள் காட்டுவது கடினம். அது கனக்கும், காயும், சூளையில் விரிசல் விடும், செய்தவரின் தயக்கத்தை விரல்தடமாக வைத்துக்கொள்ளும். எண்பதுகளின் அந்தச் சுடுமண் பெண்கள் யாருடைய நகலாகவும் இருக்கவில்லை. புகைப்படத்துக்கு மாறியதால் அவருக்குக் கூட்டம் கிடைத்தது, புகழ் கிடைத்தது, ஆய்வுக் கட்டுரைகள் கிடைத்தன. பொருளின் எதிர்ப்பு என்ற ஒன்று போய்விட்டது. அதற்குப் பிறகு அவரை மறுத்துப் பேச எதுவும் இல்லை, மூலப்படத்தில் நின்ற பெண்கூட இல்லை.

அவரைப் பார்த்து இன்று புடவையும் திரையும் வாங்கக் கிளம்பியிருக்கும் இளையவர்கள் கற்றுக்கொண்டிருப்பது இந்தக் குறையைத்தான். கிண்டலுக்கு உழைப்பு வேண்டும், அது அவர்களுக்கு வருவதில்லை. விலகி நிற்பது சுலபம், அது உடனே வந்துவிடுகிறது. இன்னொருத்தியின் வேஷத்தைக் கட்டுகிறவர் அவளுக்கு நேர்ந்ததில் ஒரு பங்கையாவது தன் முகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மனமில்லை என்றால், அந்தப் பழைய படத்தையே பெரிதாக்கி மாட்டிவிடலாம். அதில் அவளாவது இருப்பாள்.