துப்பாக்கி ஏந்தியோர் நினைவும் நம் நாவல்களும்

படைக்கலத்தைப் பற்றிப் பேசுவது தமிழுக்குப் புதிதன்று. தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையார், அவனுடைய கொட்டிலில் பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் வைத்திருந்த கருவிகளைக் கண்டார். தம் தலைவன் அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு தரும் செய்தி இது. பழிப்பது போலப் புகழ்ந்த நயத்தை மட்டும் மாணவர்க்கு எடுத்துரைத்துவிட்டு நாம் அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுகிறோம். அதனுள் வேறோர் உண்மையும் உண்டு. கருவியின் வரலாறு அதன் பளபளப்பில் இல்லை. பயன்பட்ட தழும்பில் இருக்கிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு, மலாயாத் தமிழர் துப்பாக்கி ஏந்திய காலத்தைக் கூறும் எழுத்துகளை நோக்குவோம்.

ஏந்தியவர் யாவர்?

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து தலைமை ஏற்றார். அதன்பின், பால்வெட்டுக் கத்தியன்றி வேறு கருவி அறியாத தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவர்கள் கைக்கு வந்தவற்றுள் பெரும்பாலானவை பிரிட்டிஷ் படையிடமிருந்து பிடிபட்ட துப்பாக்கிகள். அவற்றுள் முதன்மையானது ‘த்ரீ நாட் த்ரீ’ என்று வழங்கிய லீ-என்பீல்டு ரைபிள். ஏறக்குறைய 9 ராத்தல் எடை. 10 தோட்டா கொள்ளும். அதே ஆண்டு அக்டோபர் 22இல் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே பெண்களும் ரைபிள் பிடிக்கக் கற்றனர். பர்மாவரை சென்ற அவர்கள் போர்முனைக்கு அனுப்பப்படாமலே 1945இல் பின்வாங்க நேர்ந்தது.

இவர்களைப் பற்றிய நினைவுரைகளில் நான் படித்தவற்றில் ஒரு பொதுத்தன்மை காண்கிறேன். நேதாஜியின் பேச்சு விரிவாக வரும். நகைகளைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் வருவர். அணிவகுப்பும் பாட்டும் வரும். தோளில் தொங்கிய துப்பாக்கி மட்டும் ஒரு வரியில் வந்து மறையும். அது எவ்வளவு கனத்தது, முதல் வெடியில் தோள் என்ன பட்டது, கடைசியில் அதை எங்கே வைத்துவிட்டு வந்தார்கள் என்பவை பெரும்பாலும் இல்லை. பீலி சூட்டிய கருவிகளே நமக்குக் கிடைத்துள்ளன.

துப்பாக்கியை விரித்துரைப்பது கொலை வெறியை வளர்க்கும், ஆகவே அதை விடுத்ததே நன்று என்பாரும் உளர். அக்கருத்து பொருந்தாது. கனத்தை அறிந்தவன் வீண் பெருமை பேசமாட்டான். பேச்சை மட்டும் கேட்டு வளரும் தலைமுறைக்கே போர் இனிக்கும்.

சிங்காரம் கண்ட துப்பாக்கி

இக்குறையைப் பெரிதும் போக்கியவர் ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் மேடானுக்கு வந்து, பின் மதுரையில் வாழ்ந்து 1997இல் மறைந்தவர். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. இரண்டிலும் நம் பினாங்கு இருக்கிறது.

1959இல் வெளியான ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையா படையிலிருந்து மீண்டு பினாங்குச் செட்டித் தெருவுக்கு வருகிறான். முதலாளி வானாயீனாவின் மகள் மரகதம் அவன்மேல் அன்பு கொண்டவள். முதலாளியோ பெண் கொடுக்க மறுக்கிறார். பட்டாளத்துக்குப் போனவன் வட்டித் தொழிலுக்கு உதவமாட்டான் என்பது அவர் கணக்கு. துப்பாக்கி கையை விட்டுப் போய்விட்டது. அதன் நிழல் போகவில்லை. போர்க்களத்தில் காட்டாததைக் கடைப்பலகையின் முன் காட்டியதே இந்நாவலின் வெற்றி. 1972இல் நூலான ‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியனுக்கும் அதே நிலைதான். படை கலைந்தும் அவன் அமைதியடையவில்லை. சுமத்ரா சென்று இந்தோனேசிய விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறான். தாயகம் திரும்பாமலே மடிகிறான்.

சிங்காரத்திடமும் ஒரு குறை உண்டு. அவர் உலகம் வணிகர் உலகம். செட்டித் தெருவையும் மேடான் கடைவீதியையும் அறிந்த அளவு அவர் தோட்டத்து லயத்தை அறிந்தவரல்லர். நம் நாட்டு எழுத்தாளர் ஆ. ரெங்கசாமி ‘இமயத் தியாகம்’ நாவலில் இந்திய தேசிய இராணுவத்தையே பொருளாகக் கொண்டார். அது போற்றத்தக்க முயற்சி. ஆயினும் ரைபிளை ஒப்படைத்துவிட்டு மறுநாள் விடியலில் மீண்டும் பால்வெட்டுக் கத்தியை எடுத்தவனுடைய மனம் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய பொருளாகும்.

மௌனத்தின் காரணம்

அந்த மனிதன் ஏன் வாய் திறக்கவில்லை? மறதி என்று முன்னர் நான் எண்ணினேன். அது பிழை.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்ற விதி வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரும் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வீரத்தின் அடையாளமாக இருந்த பொருள் தூக்குக் கயிறாக மாறிவிட்டது. 1960இல் அவசரகாலம் முடிந்தது. பழகிய அச்சம் முடியவில்லை. ஆகவே நினைவுரைகளில் காணும் மௌனத்தைக் குறை என்று மட்டும் கூறித் தள்ளுதல் முறையாகாது. அதுவும் ஒரு சான்றே. திறனாய்வாளன் எழுதப்பட்டதைப் படிப்பது போலவே எழுதப்படாததையும் படிக்க வேண்டும்.

என் தாத்தாவும் அப்படைக்குச் சென்று வந்தவர். நேதாஜியைப் பற்றி இரவெல்லாம் பேசுவார். “துப்பாக்கி எப்படி இருக்கும் தாத்தா?” என்று கேட்டால் வாசற்பக்கம் பார்ப்பார்; பிறகு வேறு பேச்சு. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையேற்ற ஆண்டில் ஒருநாள், கேளாமலே, கூட்டுமாற்றை எடுத்துத் தோளில் பொருத்திக் காட்டினார். எல்லோரும் துப்பாக்கிகளைக் குவியலாகப் போட்டபோது தம்முடையதை மட்டும் மெல்ல வைத்தாராம். “இரும்புதான்டா, ஆனாலும் எறிய மனசு வரலே” என்றார். பிறகு அதில் பொறித்திருந்த எண்ணை ஒரு தடவை சொன்னார். பெற்ற பிள்ளைகளின் பிறந்த நாள் ஒன்றும் அவருக்கு நினைவில் இல்லை. அந்த எண்ணை நான் எழுதி வைக்கவில்லை. நூல்களில் இல்லை என்று பிறரைக் குறை கூறும் எனக்கு இது நாணத்தைத் தருகிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

1943இல் 18 வயதில் படையில் சேர்ந்தவர் இன்றிருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். அவர்களிடம் நேரில் கேட்கும் காலம் கடந்துவிட்டது என்றே கொள்ளலாம். அவர்கள் பேச்சைக் கேட்ட மக்களும் பேரரும் நம்மிடையே உள்ளனர், அவர்களுக்கும் வயதாகிறது. நம் பள்ளிகளில் ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று வினாக்களைச் சேர்த்துக் கொடுப்போம். உங்கள் குடும்பத்தில் எவரேனும் துப்பாக்கி ஏந்தியதுண்டா? அதை எங்கே வைத்துவிட்டு வந்தார்? அதைப் பற்றி அவர் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார்?

விடைகள் அரைகுறையாகவே வரும். வரட்டும். முனை முரிந்த வேலைத்தான் ஒளவையார் பெருமையோடு எடுத்துக் காட்டினார். நாளை ஒரு நாவலாசிரியன் எழுத வரும்போது, அத்தகைய முரிந்த துண்டுகளேனும் அவன் கைக்கு எட்ட வேண்டும்.