செகசிற்பியாரின் சொல்லும் தமிழ் மாணாக்கனும்

1926ஆம் ஆண்டில் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் சுவாமி விபுலாநந்தர் சேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழாக்கி, அவர்தம் நாடகங்கள் பன்னிரண்டை நம் நாடக இலக்கண மரபுகொண்டு ஆராய்ந்தார். அவர் நாடக அமைப்பிற் காட்டிய வழியை நாடகத்தின் மொழிக்குஞ் செலுத்துதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நம் மாணாக்கர் அந்நாடகங்களை இன்றைய ஆங்கிலமென்றே எண்ணிப் படிக்கின்றனர். விளங்காதவிடத்துத் தற்கால உரைநடைக் குறிப்பை மனனஞ் செய்கின்றனர். விளங்காத சொல்லால் வருங் கேடு சிறிது. விளங்கியதுபோலத் தோன்றுஞ் சொல்லால் வருங் கேடே பெரிது. வெள்ளவத்தையில் மாணாக்கர் சிலருக்கு 'ஹம்லெற்' பாடஞ் சொன்னபோது இதனைக் கண்டேன். ஆவியைப் பின்தொடர முயலும் ஹம்லெற்றைத் தோழர் பற்றிப் பிடிக்கின்றனர். தன்னை 'லெற்' செய்பவனையும் ஆவியாக்குவேன் என்று அவன் சினக்கின்றான். 'போகவிடுபவனை' என ஒரு மாணாக்கன் பொருள் கூறினான். யானும் படித்த காலத்தில் அவ்வாறே கொண்டேன். அன்று அதே வடிவில் 'தடு' எனப் பொருள்படும் வேறொரு வினையும் வழங்கியது. பிரித்தானியக் கடவுச்சீட்டின் வேண்டுகோளில் அச்சொல் இன்றும் எஞ்சியுள்ளது. பழஞ் செய்யுளில் 'நாற்றம்' நறுமணமாதலை அறிந்து அகராதியை நாடும் மாணாக்கன், இங்கு மட்டும் அதனை நாடாமை ஏன்?

எழுத்தும் அத்தகையதே. ஆசிரியர் மறைந்து ஏழாண்டின் பின் 1623இல் வெளிவந்த முதற் பெருந்தொகுப்பில் ஒரே சொல் பலவாறு எழுதப்பட்டுள்ளது. உகரத்துக்கும் வகரத்துக்கும் இன்று உரிய இரண்டு எழுத்துக்கள் ஒலிபற்றியன்றிச் சொல்லில் நிற்கும் இடம்பற்றி மாறி வருகின்றன. இதனைப் பிழையென நகைப்போர், எகர ஏகார வேறுபாடு தோன்றாத நம் ஏட்டுச்சுவடிகளை நினைவுகூர்வாராக.

இலக்கணத்திலோ நமக்குத் தனி வாய்ப்பொன்று உண்டு. அன்றைய ஆங்கிலத்தில் 'தௌ' என்பது ஒருமை. 'யூ' என்பது பன்மை, ஒருவரை மதித்தற்கும் வருவது. முன்னையது பொதுவழக்கில் வீழ்ந்தது. நம் நாவிலோ 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் வேறுபாடு வாழ்கின்றது. ஒருவரைப் பன்மையாற் கூறுதலைத் தொல்காப்பியரும் வழக்கினால் வந்த உயர்சொல் என்றார். அரசியின் அறையில், தாய் மகனைத் 'தௌ' என உரிமையோடு கடிகின்றாள். மகன் 'யூ' எனத் திருப்பிக் குற்றஞ் சாட்டுகின்றான். அடுத்த கூற்றிலே தாயும் 'யூ' என்கின்றாள். சினந்த தாய் மகனை 'நீ' என்பதை விட்டு 'நீர்' என்றழைக்கக் கேட்டவர் இதன் தொலைவை உணர்வர். தற்கால ஆங்கிலக் குறிப்பில் இம்மாற்றம் அடியோடு மறையும். தமிழிற் பெயர்த்தால் நிலைக்கும். ஆங்கில மாணாக்கன் குறிப்புரையால் அறிவதை நம் மாணாக்கன் செவியாலே அறியலாம்.

ஆதலின், கதைச் சுருக்கத்தை முன்வைக்கும் பயிற்சியை ஆசிரியர் கைவிடல் வேண்டும். சங்கச் செய்யுளைச் சொல், இலக்கணம், உரை என்னும் ஒழுங்கிலே பயிலும் மாணாக்கன், செகசிற்பியாரையும் அவ்வொழுங்கிலே பயில்வானாக.