வினவும் மன்றம் எங்கே?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அளவிறந்த ஆற்றல் படைத்தவர் என்று எண்ணுகிறோம். படை அவர் ஆணையில். அமைச்சர்கள் அவர் விருப்பில். எனினும் அவரையும் அஞ்ச வைப்பது ஒன்றுண்டு. அது பகைவனின் ஏவுகணையன்று. காங்கிரசுக் குழுவின் கேள்வி!

1973-இல் செனட் குழுவொன்று வாட்டர்கேட் ஊழலை ஆராய்ந்தது. நாடே தொலைக்காட்சியில் காண, நிக்சனின் உதவியாளர்கள் சான்று கூறினர். வெள்ளை மாளிகைப் பேச்சுகள் ஒலிநாடாவில் பதிவானமை அங்கேதான் வெளிப்பட்டது. நாடாக்களைத் தர மறுத்தார் நிக்சன். தரச் சொல்லிற்று உச்சநீதிமன்றம். 1974 ஆகஸ்டில் பதவி துறந்தார்.

அங்கும் குறையுண்டு. தலைவரின் கட்சியே குழுவில் பெரும்பான்மை பெற்றால் கேள்வியின் கூர் மழுங்கும். ஆயினும் கதவு திறந்திருக்கிறது.

இங்கோ? பொதுக் கணக்குக் குழுவின் தலைமை 1967 முதல் எதிர்க்கட்சிக்கு, நன்று. ஆனால் அமைச்சரை அக்குழு அழைத்து வினவுவதில்லை. நாடாளுமன்றக் குழுக்கள் கூடுவதோ மூடிய அறையில்!

இதனால் விளையும் கேட்டைச் சேலத்து மண்ணில் கண்டோம். 2018-இல் 277 கிலோமீட்டர் நீளச் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளந்தனர். குப்பனூரிலும் அச்சாங்குட்டப்பட்டியிலும் உழவர் கலங்கினர். இருக்கின்ற சாலைகளை அகலப்படுத்தினால் போதாதா என்ற வினா எழுந்தது. 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி 21 நாளில் மறுப்புரைக்கலாம். கேட்பவர் யார்? அரசே அமர்த்திய அதிகாரி! நிலத்தை எடுப்பவரின் ஆளே நியாயம் கேட்டால் உழவன் எங்கே போவான்?

நீதிமன்றம் போனான். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் நிலமெடுப்பைத் தள்ளிற்று. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அறிவிக்கை செல்லும், சுற்றுச்சூழல் இசைவு பெற்றே பணி தொடங்கவேண்டும் என்றது. ஆனால் நீதிமன்றம் காண்பது சட்டத்துக்கு உகந்ததா என்பதை. நாட்டுக்குத் தேவையா என்று கேட்பது மக்கள் பிரதிநிதிகளின் கடனன்றோ?

“அமெரிக்க முறை வேறு, நமது அமைச்சரவை முறையில் அமைச்சர் அவையிலேயே விடை தருகிறாரே” என்பர் சிலர். அம்முறையின் தாயகமான பிரிட்டனிலேயே குழுக்கள் அமைச்சர்களை ஊரறிய வினவுகின்றன. அங்கு ஒத்துவருவது இங்கு ஏன் ஒவ்வாது?

அமைச்சரையும் பொறியாளரையும் எதிரே அமர்த்தி, நிலமிழப்பவன் காதுபடக் குழு வினவட்டும். அவ்வினாவுக்கு விடை கிடைத்த பின் அளவுக்கல் நடட்டும். கல் முன்னே, கேள்வி பின்னே என்பது மக்களாட்சியாகாது!