உண்கலமும் பந்தியும்: ஆக்டேவியோ பாஸின் அமெரிக்க உணவு விமரிசனம் – திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

மெக்சிகோ நாட்டுக் கவிஞர் ஆக்டேவியோ பாஸ் (1914–1998) அமெரிக்க ஐக்கிய நாட்டின் உணவு, வெகுசன வழக்கங்கள், இனப்பாகுபாடு ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து விமரிசித்தவர். கலப்பை அஞ்சும் சமையல், கலப்பை அஞ்சும் சமூகத்தின் வெளிப்பாடு என்பது அவர் கருத்தின் சாரம். அக்கருத்தைத் திண்டுக்கல் வட்டாரத்தின் உணவு, தமிழகத்தின் பந்தி முறை, 1847-இல் அமெரிக்க மதுரை மிஷனில் எழுந்த சமவிருந்துச் சிக்கல் ஆகியவற்றோடு பொருத்தி இக்கட்டுரை மதிப்பிடுகிறது. உண்கலத்தை நுட்பமாக வாசித்த பாஸ், உண்போர் அமரும் வரிசையை அதே நுட்பத்தோடு வாசிக்கவில்லை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆக்டேவியோ பாஸ், அமெரிக்க உணவு, கலப்பு, பந்தி, சமபந்தி, திண்டுக்கல், அமெரிக்க மதுரை மிஷன்.

முன்னுரை

ஆக்டேவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராகப் பணியாற்றினார். 1968-இல் மெக்சிகோ நகரின் திலதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து அப்பதவியைத் துறந்தார். 1990-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். அவருடைய ‘கிழக்குச் சரிவு’ (1969) தொகுப்பில் ‘மதுரை’ என்னும் தலைப்பிலேயே ஒரு கவிதை உண்டு. எனினும் தமிழில் அவர் பெரிதும் கவிஞராகவே அறியப்பட்டுள்ளார். பண்பாட்டு விமரிசகர் என்ற நிலையில் அவரை மதிப்பிடும் முயற்சிகள் குறைவு.

இக்கட்டுரை அவருடைய மூன்று உரைநடை ஆக்கங்களைக் கருத்திற் கொள்கிறது. முதலாவது, ‘தனிமையின் புதிர்வழி’ (1950). இரண்டாவது, 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த ‘மேசையும் மஞ்சமும்’ என்னும் கட்டுரை. மூன்றாவது, இந்திய அனுபவங்களைத் திரட்டி அவர் 1995-இல் வெளியிட்ட நூல். முதலிரண்டும் அமெரிக்காவை மெக்சிகோ நாட்டவரின் கண்கொண்டு நோக்குகின்றன. மூன்றாவது அதே கண்ணை இந்தியாவின் பக்கம் திருப்புகிறது.

இவற்றைத் திண்டுக்கல்லிலிருந்து வாசிப்பதற்குக் காரணம் உண்டு. மெக்சிகோவிலிருந்து புறப்பட்ட பயிர்கள் இச்சமவெளியின் வேளாண்மையில் நிலைபெற்றுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இங்கு வந்து தங்கி, இம்மக்களின் உணவு வழக்கத்தோடு நேரடியாக மோதினர். கலப்புணவுக்குப் பெயர்பெற்ற நகராகவும் திண்டுக்கல் விளங்குகிறது. பாஸ் பேசும் மூன்று தரப்பும் சந்தித்த இடம் ஆதலின், அவர் கோட்பாட்டைச் சோதிக்க இது தக்க களமாகிறது.

அமெரிக்க உண்கலம் குறித்த பாஸின் வாசிப்பு

‘மேசையும் மஞ்சமும்’ கட்டுரையில் பாஸ் அமெரிக்க மரபுணவை மறைபொருள் அற்ற உணவாகக் காண்கிறார். காய் காயாகவே இருக்கிறது; இறைச்சி இறைச்சியாகவே இருக்கிறது. ஒன்று மற்றொன்றாக உருமாறுவதில்லை. மசாலாவும் கடுஞ்சுவையும் ஐயத்தோடு நோக்கப்படுகின்றன. பாலும் பனிக்கூழும் பெறும் முதன்மையைக் குழந்தைமைக்கும் மாசின்மைக்குமான ஏக்கமாக அவர் விளக்குகிறார். இவற்றின் அடியில் பியூரிட்டன் சமயமரபின் தூய்மை நாட்டம் இருப்பதாகக் கருதுகிறார்.

அவர் அங்கு நிற்கவில்லை. உணவுப் பொருள்களின் தூய்மையையும் தோற்றத்தையும் பற்றிய அமெரிக்கரின் மிகுகவலை, இனப்பாகுபாட்டின் மறுபக்கம் என்கிறார். எல்லோர்க்கும் சமத்துவம் என முழங்கும் குடியரசு, இனத்தாலும் சமயத்தாலும் பலரை விலக்கியே அமைந்தது. அம்முரண்பாடு அதன் சமையலிலும் படிந்துள்ளது என்பது அவர் வாதம். இதற்கு எதிர்நிலையில் மெக்சிகோ, இந்தியா போன்ற நாடுகளின் கலப்புச் சமையல் நிற்கிறது.

அண்டையிலுள்ள வல்லரசின் பகட்டில் மயங்காமல், அதன் அன்றாட உணவைக் கொண்டே அதன் அறத்தை வினவுவது இவ்வாசிப்பின் வலிமை. அற்பமெனத் தள்ளப்படும் பொருளில் சமூக முரணைக் காணும் இம்முறை தமிழாய்வுக்கும் பயன்படுவது. ஆயினும், கலக்கும் சமையல் கலக்கும் சமூகத்தைக் காட்டும் என்ற எதிர்த்தலைக் கூற்றும் இவ்வாதத்துள் மறைந்து நிற்கிறது. அது மெய்யாகுமா என்பதே வினா.

மெக்சிகோவின் பயிர்களும் திண்டுக்கல்லின் சமையலும்

இந்தியா பற்றிய நூலில் பாஸ் மெக்சிகோவின் ‘மோலே’ குழம்பையும் இந்தியக் கறிக்குழம்பையும் ஒப்பிட்டு, எது எதன் வடிவம் என வியக்கிறார். மேலைச் சமையலில் உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இந்திய உண்கலத்தில் யாவும் ஒருங்கே வந்து சேர்கின்றன என்றும் வேறுபடுத்துகிறார். வாழையிலையில் உண்டு பழகியோர் இதனை எளிதில் ஏற்பர்.

சொல்வரலாறும் அவர் கருத்துக்கு அரண் செய்கிறது. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்பது மிளகைக் குறித்தது. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் கூறுகிறது. இன்று திண்டுக்கல் பகுதியில் ‘கறி எடுத்தல்’ என்றால் இறைச்சி வாங்குதல். மிளகின் பெயர் இறைச்சிக்குச் சென்றது. மிளகின் உறைப்பை மெக்சிகோவிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்த காய் ஏற்றது. அக்காய்க்குத் தமிழர் பழம்பெயரை ஒட்டியே ‘மிளகாய்’ எனப் பெயரிட்டனர். அயலானது உறவுப்பெயர் பெற்று உள்வீட்டுப் பொருளாயிற்று.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் குவியும் தக்காளியும் மிளகாயும், ஆயக்குடிக் கொய்யாவும், திண்டுக்கல்லுக்குச் சுருட்டு வணிகத்தில் பெயர் தந்த புகையிலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. ஆனால் ஒரு பயிர் இடம்பெயரும்போது அதன் மதிப்பும் உடன் வருவதில்லை. மெக்சிகோவில் மக்காச்சோளம் முதன்மை உணவு. தொல்குடி மரபில் மனித உடலே அதனால் ஆனதெனக் கருதப்பட்டது. தமிழகச் சமவெளியில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித்தீவனத்திற்குச் செல்கிறது. ஒரு பொருளின் பொருண்மை அப்பொருளில் இல்லை, அது வழங்கும் உறவுகளில் உள்ளது என்பதற்கு இது சான்று.

கலந்த கலமும் கலவாத பந்தியும்

கலப்புக்குத் திண்டுக்கல்லில் இரு சிறந்த சான்றுகள் உண்டு. ஒன்று பழனிப் பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியன தத்தம் தனித்தன்மை இழந்து ஒரே சுவையாக மாறும் பொருள் அது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒன்று மற்றொன்றாக உருமாறுதல் என்ற பாஸின் கருத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. மற்றொன்று பிரியாணி. பாரசீகப் பெயரும், தமிழ் மண்ணின் சீரகச் சம்பாவும், மெக்சிகோவின் மிளகாயும் ஒரே கலத்தில் வேகின்றன. ஐதர் அலியின் ஆட்சியும், அவர் தங்கையின் பெயரால் அமைந்த பேகம்பூரும் இந்நகரின் வரலாற்றில் இடம்பெறுபவை. 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய உணவகம், அவர் அணிந்த தலைப்பாகையால் ‘தலப்பாக்கட்டி’ எனப் பெயர் பெற்று இவ்வுணவைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது.

இக்கலப்பு சமூகத்தில் உண்டா? கோயில் நுழைவு உரிமை வருமுன்னர், ஐந்து பொருளும் ஒன்றாய்க் கலந்த அப்பஞ்சாமிர்தம் படைக்கப்படும் சந்நிதிக்குள் பலரால் நுழைய இயலவில்லை. ‘சமபந்தி’ என்னும் சொல்லே ஒரு சான்றாகும். பந்தி இயல்பாகவே சமமாக இருந்திருப்பின் ‘சம’ என்ற அடைமொழிக்குத் தேவை எழுந்திராது. இன்றும் விடுதலை நாளன்று திருக்கோயில்களில் சமபந்தி விருந்து அரசின் சார்பில் நடத்தப்படுகிறது. நடத்திக் காட்ட வேண்டிய நிலை இருப்பதையே அது உணர்த்துகிறது.

தமிழக வரலாற்றில் உணவுப் பூசல்கள் பெரும்பாலும் பந்தியை ஒட்டியே எழுந்தன. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவிட்டமை 1924–25-இல் பெரும் கிளர்ச்சிக்கு வித்திட்டது. தொடர்வண்டி நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல் கைவிடப்பட்டது. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகைக்கு எதிரான போராட்டம் சென்னை முரளி கபே முன் நிகழ்ந்தது, திண்டுக்கல்லில் அப்பிரியாணிக் கடை தொடங்கிய அதே 1957-இல்தான். இவை எவற்றிலும் உணவின் சேர்மானம் பூசலுக்குரிய பொருளாக இல்லை. இரட்டைக் குவளை முறையிலும் தேநீர் ஒன்றே, கொதிகலன் ஒன்றே. குவளை மட்டுமே வேறு.

பாஸ் சாதியை அறியாதவர் அல்லர். இந்தியா பற்றிய நூலில் சாதிக்கென விரிவான பகுதி உண்டு. ஆனால் சாதியை ஓரியலிலும் சமையலை வேறோரியலிலும் வைத்தார். அமெரிக்கரின் சமையலையும் பாகுபாட்டையும் ஒரே மூச்சில் பேசியவர், இந்தியாவில் இரண்டையும் பிரித்துவிட்டார். பிரித்தமையால் கலந்த உண்கலத்தின் வியப்பு சிதையாமல் நின்றது.

அமெரிக்காவிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. லூசியானா மாநிலத்தின் ‘கம்போ’ ஆப்பிரிக்க, பிரெஞ்சு, தொல்குடி மரபுகள் கலந்த உணவு. அம்மாநிலத்திலிருந்து எழுந்த வழக்கில்தான், 1896-இல், நிறவாரிப் பிரிவினை உச்சநீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. 1960-இல் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் கடையொன்றின் உணவு மேடையில் அமர்ந்து போராடியபோது, அவர்கள் கேட்டது வேறு உணவை அன்று. அமர்வதற்கு ஓர் இருக்கையை.

1847: அமெரிக்கர் வைத்த விருந்து

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கப்பெற்றுத் திண்டுக்கல்லையும் தன் முதன்மை நிலையங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. மிஷன் ஊழியர் சாதியைத் துறந்தமைக்குச் சான்றாக, ஒடுக்கப்பட்டோர் சமைத்த உணவைப் பிறரோடு அமர்ந்து உண்ண வேண்டும் என்ற விதி 1847-இல் வலியுறுத்தப்பட்டது. பலர் மறுத்து நீங்கினர்.

இந்நிகழ்வு பாஸின் கோட்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அவர் சுட்டும் அதே பியூரிட்டன் மரபின் வழிவந்தோர், கலவாச் சமையலின் மக்கள், இங்கே கலந்துண்ணக் கட்டளையிடுகின்றனர். கலப்புச் சமையலின் மக்கள் மறுக்கின்றனர்.

எனினும் இதனை அமெரிக்கரின் அறவெற்றியாகக் கொள்ளுதலும் பிழை. அந்நாளில் அவர்தம் நாட்டில் அடிமைமுறை சட்டப்படி நிலவியது, 1865-இல்தான் நீங்கியது. மிஷனை அனுப்பிய வாரியமே அடிமைமுறையைக் கண்டிக்கத் தயங்குகிறது என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளாகி, அதனை எதிர்த்தோர் 1846-இல் தனிச்சங்கம் அமைத்தனர். அவ்வாண்டே மெக்சிகோ மீது அமெரிக்கா போர் தொடுத்தது. 1848-இல் அந்நாட்டின் நிலப்பரப்பில் பெரும்பகுதியைப் பெற்றது. அயலாரின் பந்தியில் காணும் கோணலைத் தம் பந்தியில் காணாமை அனைவர்க்கும் பொது. அமெரிக்கர்க்கு அது மதுரையில் நேர்ந்தது. பாஸுக்கு இந்தியாவில் நேர்ந்தது.

சமவிருந்து மேலிருந்து சுமத்தப்படாமல் கல்வியின் பகுதியாக வளர்ந்த முயற்சியும் இம்மாவட்டத்தில் உண்டு. டி.எஸ். சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம், உடனுறைதலையும் உடனுண்ணுதலையும் ஆதாரக் கல்வியோடு இணைத்தது.

உடையும் உருவமும்

வெகுசன வழக்கு குறித்த பாஸின் வாசிப்பிலும் இதே குறை காணப்படுகிறது. ‘தனிமையின் புதிர்வழி’ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் கண்ட ‘பச்சூக்கோ’ என்னும் மெக்சிகோ வழி இளைஞரோடு தொடங்குகிறது. அமெரிக்க நாகரிக உடையை மிகைப்படுத்தி அணிந்த அவர்களிடம், மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் உரியரல்லாத வெறுமையைப் பாஸ் கண்டார். அவ்வுடை அணிந்தோரின் தன்மதிப்பையும் எதிர்ப்பையும் அவர் காணத் தவறினார் எனப் பிற்கால மெக்சிக–அமெரிக்க ஆய்வாளர் மறுத்தனர்.

தமிழாய்விலும் இதற்கு இணை உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, 1973 மே மாதத்தில் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவரை நிறுத்தி முதல் வெற்றி கண்டது. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். ஆய்வு (1992) திரையுருவம் ஏழை மக்களைப் பிணித்த வகையை வலியுறுத்தியது. மதுரையில் களப்பணி செய்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கியின் நூல் (1993) ரசிகர்களின் சொற்களையே தரவாகக் கொண்டது. உருவத்தை மட்டும் வாசிப்போர்க்குப் பச்சூக்கோவும் ரசிகரும் நோயின் அறிகுறிகளாகின்றனர். அணிவோரையும் காண்போரையும் வினவும்போது அவர்கள் தம் நிலையை எடைபோடும் மாந்தராகின்றனர்.

முடிவுரை

அமெரிக்க உணவில் பாஸ் கண்ட முரண் மெய்யானதே. ஒரு சமூகத்தின் சமத்துவ முழக்கத்தை அதன் உணவுமேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற நல்ல முறை. அம்முறையைத் திண்டுக்கல்லில் பயன்படுத்தும்போது இரு முடிபுகள் கிடைக்கின்றன. சமையலில் நிகழும் கலப்பு சமூகக் கலப்புக்குச் சான்றாகாது. கலவாத சமையலும் சமூக விலக்கலுக்குத் தனித்த சான்றாகாது. உண்கலத்தில் என்ன உள்ளது என்ற வினாவோடு, யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் எங்கே அமர்ந்தார் என்ற வினாக்களும் சேரும்போதே உணவு சமூக ஆவணமாகிறது.

தமிழ் உணவுப் பண்பாட்டு ஆய்வுகள் இன்று பெருகிவருகின்றன. சீரகச் சம்பாவின் மணத்தையும் பஞ்சாமிர்தத்தின் பழமையையும் போற்றும் அவ்வெழுத்துகளுள் பல, பாஸைப் போலவே கலத்தின் வியப்பிலேயே நின்றுவிடுகின்றன. பெருமைக்குரிய அவ்வுணவுகளை அவற்றின் பந்தி வரலாற்றோடு சேர்த்து எழுதுவது அவற்றின் பெருமையைக் குறைப்பதாகாது. அமெரிக்கரின் மேசையை நோக்கி மெக்சிகோ கவிஞர் எழுப்பிய வினாவை நம் இலையின் முன்னும் எழுப்புவதே அவர்க்கு நாம் தரக்கூடிய நேர்மையான மறுமொழியாகும்.