ஓடிப்போனவர்கள் எங்கே போனார்கள்?

மார்கரெட் மிட்செல் 1936இல் எழுதிய 'கான் வித் த விண்ட்' நாவலை, 1939இல் வந்த அதன் படத்தை, காதல் காவியம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். நான் அதைப் பண்ணையார்களின் ஒப்பாரியாகத்தான் வாசிக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு அழிந்தபோது யாருக்காக இந்தப் பிரதி அழுகிறது, யாரைப் பற்றி வாயே திறக்கவில்லை?

அழிவு நடந்தது உண்மை. வடக்குத் தளபதி ஷெர்மன் 1864 நவம்பர் 15இல் சுமார் 60,000 சிப்பாய்களோடு அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 21இல் சவானா துறைமுகத்தைப் பிடித்தார். வழியெல்லாம் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். தானியம், மாடு, பன்றி எதையும் விடவில்லை. சேதம் 10 கோடி டாலர், அதில் 2 கோடிதான் படைக்குப் பயன்பட்டது, மிச்சம் வெறும் நாசம் என்று ஷெர்மனே கணக்குச் சொன்னார். பண்ணைவீட்டுப் பெண்கள் பட்டினி கிடந்தார்கள். அடிமைகளின் குடிசைகளும் கொள்ளை போயின.

நாவலில் வீட்டுவேலை செய்யும் மாமியும் போர்க்கும் விசுவாசமாக எஜமானி காலடியிலேயே கிடக்கிறார்கள். வயலில் பாடுபட்டவர்களோ ஓடிப்போய்விட்டார்கள் என்பதோடு சரி. ஓடுனவங்க எங்கய்யா போனாங்க?

ஷெர்மனின் படைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கறுப்பு மக்கள், கைக்குழந்தையும் மூட்டையுமாக, விடுதலை கிடைத்தது என்று நடந்தார்கள். டிசம்பர் 9இல் எபனேசர் ஓடையைப் படை கடந்ததும், வடக்குத் தளபதி ஜெஃபர்சன் சி. டேவிஸ் மிதவைப் பாலத்தைப் பிடுங்கச் சொன்னார். முன்னால் குளிர்ந்த தண்ணீர், பின்னால் தெற்கின் குதிரைப்படை. குதித்தவர்களில் பலர் மூழ்கிச் செத்தார்கள். சகிக்கமாட்டாத சில சிப்பாய்கள் அக்கரையிலிருந்து மரக்கட்டைகளைத் தள்ளிவிட்டு ஆளைக் காப்பாற்றப் பார்த்தார்கள். மேஜர் ஜேம்ஸ் கானலி கோபத்தோடு எழுதிய கடிதம் பத்திரிகைக்குப் போனது. உத்தரவுக்கும் மனசாட்சிக்கும் நடுவே சிப்பாய் மாட்டிக்கொண்ட இந்த இடத்தில் ஒரு நாவலே இருக்கிறது. மிட்செலுக்கு அது கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு 1865 ஜனவரி 12இல், சவானாவில் 20 கறுப்புப் போதகர்கள் ஷெர்மனைச் சந்தித்தார்கள். 67 வயது காரிசன் ஃபிரேசியர் அவர்களுக்காகப் பேசினார். என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவர் கேட்டது நிலம். சொந்த உழைப்பில் உழுது பிழைக்க நிலம். நான்கு நாளில் உத்தரவு வந்தது: குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. அதே ஆண்டிலேயே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே திருப்பிக் கொடுத்தார். தாரா பண்ணையின் மண்ணுக்காக உருகும் நாவலில் இந்த மண் பறிபோன கதை கிடையாது.

மாமியாக நடித்த ஹேட்டி மெக்டேனியல் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்குப் போக முடியவில்லை. 1940இல் ஆஸ்கர் வாங்கிய அன்றும் அவருக்குத் தனி மேஜைதான். தனிக்குவளை பார்த்த நமக்கு அது புரியும்.

கறுப்பு அடிமைகளின் விடுதலைக்காகத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்குத்தான் ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார். அவர் வழியில் வந்தவர்கள் போர்க்கதை எதை எடுத்தாலும், எரிந்த மாளிகையை எண்ணுவதற்கு முன்னால் அந்த ஓடைக்கரையில் நின்றவர்களைத் தேட வேண்டும்.