ரெட்ரோவுக்கு எந்த இலவச போர்டு?

ஸ்பிரின்ட் என்னும் குறுகிய வேலைச் சுற்று முடிந்ததும் டீம் கூடி, எது நன்றாக நடந்தது, எது சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேசுவதுதான் ரெட்ரோ. எல்லாரும் ஒரே அறையில் இருந்தால் ஒரு சுவரும் கொஞ்சம் ஸ்டிக்கி நோட்டும் போதும். எங்கள் டீம் சென்னை, கோவை, திருநெல்வேலி என்று சிதறிக் கிடக்கிறது, அதனால் அந்தச் சுவருக்குப் பதிலாக இணையத்தில் ஒரு போர்டு வேண்டும். நான் ஜேடர்பாளையத்தில், வீட்டு மாடியில் இருந்து வேலை செய்கிறேன். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும், அப்புறம் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். விடுமுறை நாளில் ஊரில் உள்ள படுகை அணைக்குக் கூட்டம் வந்துவிட்டால் அந்த சிக்னலும் திணறும். அதனால் ஒவ்வொரு போர்டையும் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நான் முடிவுக்கு வருவது.

வேகத்தைவிட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. ஒருவர் எழுதுவது மற்றவருக்கு உடனே தெரியக்கூடாது. திறந்த போர்டில் லீட் முதலில் வந்து 'எல்லாம் நன்றாகப் போனது' என்று ஒட்டிவிட்டால், புதிதாகச் சேர்ந்த தம்பி அதற்கு மாறாக எதுவும் எழுத மாட்டார். ஆமாம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பிரெயின்ஸ்டார்மிங் முறையைப் பரப்பிய அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், சேர்ந்து பேசினால் யோசனை பெருகும் என்று நம்பினார். ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். குழுவாகப் பேசியவர்களைவிட, தனித்தனியே யோசித்த அதே எண்ணிக்கையினரின் யோசனைகளைச் சேர்த்தபோது அதிகம் கிடைத்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் நினைத்தது நழுவிவிடும். வீடியோ காலில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

இந்த இடத்தில்தான் பாராபோல் என்னைக் கவர்ந்தது. இது ரெட்ரோ போன்ற டீம் கூட்டங்களுக்காகச் செய்த ஓப்பன் சோர்ஸ் கருவி. எழுதும் கட்டத்தில் மற்றவர் அட்டை நமக்குத் தெரியாது. எல்லாரும் முடித்ததும் அட்டைகள் பெயர் இல்லாமல் திறக்கின்றன. ஒத்த கருத்துள்ளவற்றை இழுத்து ஒன்றாக அடுக்கி, வாக்களித்து, அதிக வாக்கு பெற்றதில் இருந்து பேசத் தொடங்குகிறோம். ஒரு ரெட்ரோவில் 'வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் வேண்டாமே' என்ற பொருளில் மூன்று அட்டைகள் ஒரே நேரத்தில் திறந்தன. அதுவரை கூட்டத்தில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. "இது யாரு எழுதுனதுங்க?" என்று யாரும் கேட்கவும் இல்லை, கேட்கத் தேவையும் இல்லை. அடுத்த ரிலீஸை வியாழக்கிழமைக்கு மாற்றினோம். கூட்டம் முடிந்ததும் சுருக்கம் மெயிலில் வந்துவிடுகிறது, யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்பதோடு. பெரும்பாலும் எழுத்து மட்டுமே என்பதால் ஹாட்ஸ்பாட்டிலும் நன்றாக ஓடியது.

படம் வரைந்து யோசிக்க வேண்டுமென்றால் பாராபோல் உதவாது. அதற்கு 2020-இல் வந்த எக்ஸ்காலிட்ரா. கணக்கு தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லாரும் ஒரே தாளில் வரையலாம். தகவல் குறியாக்கத்தோடு போகிறது, திறக்கும் சாவி அந்த லிங்கிலேயே இருக்கிறது. ஆகவே லிங்க் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் தட்டினால் அதன் அழகான கையெழுத்து எழுத்துரு கிடைக்காது, கணினியின் சாதாரண எழுத்துருதான் வரும். வாக்கெடுப்பும் இல்லை. ஒரு சர்வர் எங்கே அடைக்கிறது என்று கட்டமும் அம்புக்குறியும் போட்டுப் பேசும்போது இந்தக் குறைகள் பெரிதாகப் படவில்லை.

மீரோ, மியூரல், பேட்லெட் மூன்றையும் பலர் சிபாரிசு செய்வார்கள். 2011-இல் ரியல்டைம்போர்டு என்ற பெயரில் தொடங்கி 2019-இல் பெயர் மாறிய மீரோவில் ஆயத்த டெம்ப்ளேட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பெரிய திட்டத்துக்கு அது அருமையான கருவி. ஆனால் மூன்றிலும் இலவசக் கணக்கில் மூன்று போர்டில்தான் எழுத முடியும். இரண்டு வாரத்துக்கு ஒரு ரெட்ரோ என்றால் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும், பிறகு பழையதை அழித்து எழுத நேரலாம். மூன்று மாதத்துக்கு முன் என்ன முடிவெடுத்தோம் என்று திரும்பிப் பார்க்க முடியாத ரெட்ரோவால் என்ன பயன்? எல்லையில்லாமல் விரியும் இந்த வகை கான்வாஸைச் செல்போனில் விரலால் நகர்த்துவதும் எனக்குச் சரிப்படவில்லை.

இலவசக் கருவி எதுவானாலும், முடிந்த கையோடு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் ஜேம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டது. அத்தனை பெரிய நிறுவனத்தின் போர்டுக்கே ஆயுள் அவ்வளவுதான்.

என் தேர்வு, ரெட்ரோவுக்குப் பாராபோல், வரைந்து பேச எக்ஸ்காலிட்ரா. நீங்கள் வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு ரெட்ரோவை எல்லாரும் செல்போன் டேட்டாவிலேயே நடத்திப் பாருங்கள். டீமிலேயே மெதுவான இணைப்பு உள்ளவர் சிரமமில்லாமல் தன் அட்டையை எழுதி முடித்தால், அந்தக் கருவியையே வைத்துக்கொள்ளுங்கள்.