புலிக்கு எத்தனை ஆடு

ஆடுபுலி ஆட்டத்துக்கு விதி எழுதிவைத்திருக்கும் புத்தகங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி என்று ஆரம்பித்து அரசாணை மாதிரி எழுதிக்கொண்டு போவார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு ஊரில் ஆடிப் பழகியவர் நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கட்டும், முதல் ஆட்டை வைப்பதற்குள் பேச்சு தடித்துவிடும். "எங்கூர்ல அப்படியில்லீங்க" என்ற அந்த ஒரு வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் பேச வருவது அதைப் பற்றித்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. புலி பக்கத்திலிருக்கும் ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப்புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டு. ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. அது ஒவ்வொன்றாகப் பலகைக்கு வரும், 15-ம் இறங்கிய பிறகுதான் நகரும். ஆனால் சேர்ந்து நின்று புலியை அசையவிடாமல் அடைத்துவிட முடியும். அதாவது ஒரு பலகையில் இரண்டு வகையான சக்திகள். ஒன்றை இன்னொன்றால் அளக்க முடியாது, முழம் போட்டு எடை பார்க்க முடியாத மாதிரி.

அளக்க முடியாததைச் சமன் செய்வது எப்படி? இங்கேதான் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. புலி ஒரே வீச்சில் இரண்டு மூன்று ஆட்டைத் தாண்டலாமா, ஒன்றோடு நிற்க வேண்டுமா? எத்தனை ஆடு போனால் ஆட்டம் புலிக்கு? அடைபட்ட புலி அங்கேயே நிற்குமா, வெளியே எடுத்துவிடுவதா? நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தகரத்தின் மேல் சாக்பீஸில் கோடு போட்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். நட்டு புலி, வாஷர் ஆடு. அங்கே வாஷர் 16. ஏன் என்று கேட்டேன். "நம்ம மேஸ்திரி புலி ஆடுனா பதினஞ்சு பத்தாதுங்க" என்றார்கள்.

வேறு நாடுகளிலும் இதே கதைதான். ஐரோப்பாவின் நரியும் வாத்தும் ஆட்டத்தில் 13 வாத்துகள் இருந்தன, நரியின் கை ஓங்குகிறது என்று 15, 17 என ஏற்றிக்கொண்டார்கள். நேபாளத்து பாக்சாலில் 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. அதைக் கணினியில் போட்டு அலசிய லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள், இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் வெற்றி தோல்வி கிடையாது என்று நிறுவினார்கள். அருமையான வேலைதான். ஆனால் அந்தச் சமநிலை பிசகாமல் ஆடுகிறவர்களுக்கு. மதியச் சோறு தின்றுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் ஆடுகிறவருக்கு அதனால் என்ன? மேஸ்திரிக்கு எதிராகப் 16-வது வாஷரை வைத்தவர்கள் கேட்ட கேள்வி வேறு. நாளைக்கும் இவரோடு உட்கார்ந்து ஆட எனக்கு மனசு வருமா?

திண்ணைக்காரர்களிடம் இதற்கு இன்னும் நல்ல பதில் ஒன்று உண்டு. ஒரு தடவை நீ புலி, அடுத்த தடவை நான். ரெண்டும் சேர்ந்துதான் ஒரு ஆட்டம். எத்தனை ஆடு வெட்டினாய், எத்தனை வெட்டினேன் என்று கடைசியில் எண்ணிக்கொள்வது. எந்த விதியையும் தொடாமல், புலி எவ்வளவு வலுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆக்கிவிடுகிற தீர்வு இது. பக்கம் மாற்றிக்கொள்ள முடிந்தால் ஏற்றத்தாழ்வு ஒரு ருசி. இருபது நிமிடத்தில் முடிகிற ஆட்டத்துக்குத்தான் அது சரி.

முடியாத ஆட்டங்கள் இருக்கின்றன. என் அக்கா மகன் சேலத்தில் பொறியியல் படிக்கிறான். அவனும் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாடியறையில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். ஒருவன் கதை நடத்துகிறான், மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ஆட்டம் இது. இவர்கள் அதைக் கொல்லிமலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டிராகனுக்குப் பதில் கொல்லிப்பாவை. கதை ஒரு வருடமாக ஓடுகிறது. அந்த வருடம் முழுக்க நீ எடுத்த பாத்திரம்தான் நீ, பக்கம் மாற்றிக்கொள்ள வழியில்லை.

பாத்திரத்துக்கு வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு திறன்கள். 1974 விதிப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடையை உருட்டி வந்ததை வந்தபடியே எழுதிக்கொள்ள வேண்டும். சராசரி 10.5. உச்சமான 18 விழ 216-இல் ஒரு வாய்ப்பு. பலருக்கு இது கசந்திருக்க வேண்டும். 1979-இல் வந்த நடத்துநர் கையேடு, நான்கு பகடை உருட்டிச் சிறியதை எறிந்துவிடும் முறையை முதல் வழியாகச் சொன்னது. சராசரி 12.2-க்கு ஏறியது. 2014 பதிப்பில் உருட்டவே வேண்டாம் என்பவர்களுக்கு 27 புள்ளிகளைக் கொடுத்துத் திறன்களை விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லும் முறையும் இருக்கிறது.

இந்த 27 புள்ளி முறை எனக்குப் பிடிக்கவில்லை. நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரேஷன் கடை நியாயம். கொஞ்ச நாளில் எல்லாப் போர்வீரனும் ஒரே அச்சில் வருகிறான், வசீகரம் 8, வலிமை 15. யாருக்கும் குறையில்லை, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மாடியறையில் நடந்தது வேறு. முதலில் பகடைதான் உருட்டினார்கள். ஒருவனுக்கு 17, 16 என்று கொட்டியது. இன்னொருவனுக்கு 12-க்கு மேல் எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் அவன் வரவில்லை, பஸ் கிடைக்கலையாம். நாலாவது வாரமும் பஸ் கிடைக்கவில்லை. சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடைக்காத இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டாளிகளுக்கு விஷயம் புரிந்து ஒரு விதி செய்தார்கள். ஐந்து பேரும் நடத்துகிறவனும் ஆளுக்கொரு தடவை உருட்டுவது. விழும் ஆறு எண்களும் பொது. அதே ஆறை அவரவர் விருப்பம்போல் திறன்களில் வைத்துக்கொள்ளலாம். 16, 14, 13, 11, 10, 7 விழுந்தது. கதையில் எல்லோரும் ஆகாயகங்கையில் குளித்து எழுந்ததாகவும், அருவி அவர்களைச் சமமாக்கிவிட்டதாகவும் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் கேள்விப்பட்ட வீட்டு விதிகளில் இதுதான் நயமானது. அதிர்ஷ்டம் போகவில்லை, பொறாமை போய்விட்டது. முக்கியமாக அந்த 7 போகவில்லை. அதை எங்காவது வைத்தே ஆக வேண்டும். அக்கா மகன் விவேகத்தில் வைத்தான், அதனால் கண்ட குகையில் எல்லாம் தலையை நுழைக்கிறான். பஸ் கிடைக்காத பையன் வசீகரத்தில் வைத்து, வாயைத் திறந்தாலே வம்பு வருகிற ஒரு ஆளை உண்டாக்கியிருக்கிறான். இப்போது ஒரு வாரமும் தவறுவதில்லை.

எண்ணைச் சமமாக்கினாலும் சக்தி சமமாகாது என்பது அடுத்த சிக்கல். 1978 கையேட்டில் முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர் ஒரு நான்குபக்கப் பகடை அளவு, கையில் ஒரே ஒரு மந்திரம். பேனாக்கத்திக்குச் செத்துப்போவான். ஆனால் நிலை ஏற ஏற அவன் வானத்தில் பறக்கிறான், வாள் பிடித்தவனோ அதே வாளை இன்னும் பலமாக வீசுகிறான். இதற்குப் பலரும் செய்வது வாள்வீரனுக்கும் மாயவாள், மாயக்கவசம் என்று மந்திரத்தில் பங்கு கொடுப்பது. இது ஆட்டுக்கும் வெட்டும் உரிமை கொடுப்பதைப் போல. கொடுத்துப் பாருங்கள், ஆடுபுலி ஆட்டம் அந்த நிமிடமே செத்துவிடும். பலகையில் 18 புலிகள்தான் இருக்கும். கொல்லிமலைக் கதையை நடத்துகிற பையன் இதைச் செய்யவில்லை. வாள்வீரனுக்கு ஊருக்கு ஊர் சொந்தபந்தம் கொடுத்தான். மலையேறும் ஒவ்வொரு வளைவிலும் அவனுக்கு ஒரு மாமன் வீடு, ஒரு பங்காளி வீடு. மந்திரவாதி பறந்து போய் இறங்கினால் நாய் விடுவார்கள், இவன் நடந்து போனால் பாய் விரிப்பார்கள். பலவீனமான பக்கத்துக்கு எதிராளியின் சக்தியில் கொஞ்சம் பிய்த்துத் தராமல் அதற்கே உரிய ஒன்றைத் தருவது. ஆட்டுக்கு அடைக்கத் தெரியும் என்று முதலில் கண்டவர் செய்ததும் அதைத்தான்.

பாத்திரத்துக்குத் தரும் சலுகை வேறு, ஆளுக்குத் தரும் சலுகை வேறு. எங்கள் அம்மாயி தாயம் ஆடும்போது எட்டு வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்பார். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் வெறுமுகம், 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழும், தாயம் அதில் 2. சராசரியாக எட்டு தடவை உருட்டினால்தான் ஒரு காய் இறங்கும். ஐந்துக்கும் 16-இல் 2 என்பதால் சின்னவர்களுக்கு நாலு தடவை போதும். காத்திருப்பு சரிபாதி. அம்மாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, எட்டு தடவைக்குள் குழந்தை எழுந்து ஓடிவிடும் என்பது தெரியும். ஆனால் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம் என்ற விதியை மட்டும் யாருக்கும் தளர்த்தியதில்லை. "வெட்டாம எப்படிக் கண்ணு பழமாகும்?" வாசலில் இளக்கம், உள்ளே கறார்.

இவ்வளவு நேரம் ஏதோ எல்லோரும் கூடிப் பேசி விதி செய்வதுபோல எழுதிவிட்டேன். திண்ணையில் அப்படி நடப்பதில்லை. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பலகை கல்லிலேயே வெட்டியிருக்கும், அதில் உட்கார எல்லோருக்கும் இடம் கிடையாது. உட்கார்ந்தவர்களிலும் தோட்டங்காடு அதிகம் உள்ள பெரியவர் ஒருவர் எப்போதும் புலி. பக்கம் மாற்றும் விதி அவரிடம் செல்லாது. கேட்கவும் மாட்டார்கள். மாடியறைப் பையனால் பஸ் கிடைக்கவில்லை என்று சொல்ல முடிந்ததால்தான் அங்கே விதி மாறியது. எழுந்து போக முடியாதவன் கேட்டால் யார் மாற்றுவார்கள்? இந்த மண்ணின் ஆடு மேய்க்கும் பிள்ளைகளைப் பற்றி 2000-இல் வந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைப் படித்தவர்களுக்கு அந்த நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை.

மண்டபத்துக்கு வர முடியாத பையன்கள் காட்டில், வேப்பமர நிழலில், செங்கல் துண்டால் பாறையில் அதே கட்டத்தைப் போட்டு ஆடுவார்கள். சின்ன வயசில் போய் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே அடைபட்ட புலியை உடனே வெளியே எடுத்துவிடுவார்கள், மிச்சப் புலிகளோடு ஆட்டம் தொடரும். மண்டபத்தில் மூன்றும் ஒருசேர அடைபட வேண்டும். இதைப் பெரிய கலகம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் கேட்டபோது அவர்கள் சொன்ன காரணம் வேறு. மூன்றையும் அடைக்கிற வரைக்கும் ஆடினால், நிஜ ஆடுகள் அடுத்த காட்டுச் சோளத்தில் வாய் வைத்துவிடும்.